டிராயிங் இல்லாமல் மாடல் மட்டும் வந்தால்: எங்கே சிக்கும், எப்படிச் சரிசெய்வது

புது ஆர்டர் மெயிலைத் திறக்கிறீர்கள். பிடிஎஃப் டிராயிங்கைத் தேடினால் இல்லை. ஒரே ஒரு ஸ்டெப் ஃபைல் (எல்லா டிசைன் சாஃப்ட்வேர்களுக்கும் பொதுவான முப்பரிமாண மாடல் ஃபைல்), கீழே ஒரு வரி: “மாடலே மாஸ்டர். அளவு, டாலரன்ஸ் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.” ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் மெஷினிங் ஷாப்களுக்கு இது இப்போது அடிக்கடி நடக்கிறது. ‘மாடல் பேஸ்டு டெஃபினிஷன்’, சுருக்கமாக எம்பிடி என்று சொல்கிறார்கள். முப்பரிமாண மாடலின் மேலேயே டேட்டம் (எங்கிருந்து அளக்க வேண்டும் என்ற ஆதாரம்), டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்பது), ஃபினிஷ், குறிப்புகள் எல்லாவற்றையும் ஒட்டி அனுப்புவது. அப்படி ஒட்டப்பட்ட விவரங்களுக்குப் பெயர் பிஎம்ஐ. புதிய சங்கதியும் இல்லை. இதை எப்படிச் செய்வது என்று சொல்லும் அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்எம்இ ஒய்14.41 வந்தது 2003-இல். ஐஎஸ்ஓ 16792 வந்தது 2006-இல்.

ஃபைலை வாங்கி, சரிபார்த்து, கேமுக்கும் (மெஷினுக்குப் புரோகிராம் போடும் பிரிவு) கியூசிக்கும் (தரச் சோதனைப் பிரிவு) பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதில் கற்றுக்கொண்டதைப் பிரச்சினைவாரியாக எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

டிராயிங்கைப் படித்தவர் மனிதர். எழுதியதில் குறை இருந்தாலும் அனுபவத்தில் நிரப்பிக்கொண்டார். மாடலை மூன்று பேர் படிக்கிறார்கள்: திரையில் பார்க்கும் ஆள், டூல்பாத், அதாவது டூல் ஓடும் பாதை போடும் கேம் சாஃப்ட்வேர், செய்த பார்ட்டை அளந்து பார்க்கும் சிஎம்எம் மெஷினின் சாஃப்ட்வேர். ஆள் எழுத்தைப் படிக்கிறார். கேம் வடிவத்தைப் படிக்கிறது. சிஎம்எம் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் தரவைப் படிக்கிறது. ஒரே ஃபைலில் மூன்றும் தனித்தனி இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. எந்தச் சிக்கல் வந்தாலும், இந்த மூவரில் யாருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

வடிவம் தெரிகிறது, ஒரு அளவுகூடத் தெரியவில்லை

வியூவரில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வியூவர்களில் பிஎம்ஐயைக் காட்ட ஒரு டிக் போட வேண்டும். சிலவற்றில், கஸ்டமர் சேமித்து வைத்திருக்கும் வியூ ஒன்றைக் கிளிக் செய்தால்தான் அந்த வியூவுக்கான அளவுகள் எழும்பும்.

அப்படியும் வரவில்லையென்றால் ஃபைலை நோட்பேடில் திறங்கள். பயப்பட வேண்டாம், ஸ்டெப் ஃபைல் வெறும் எழுத்துதான். மேலேயே ஹெடர் பகுதியில் ‘ஃபைல் ஸ்கீமா’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘ஏபி242’ என்று தொடங்கினால் நல்லது. இந்த வேலைக்கென்றே 2014-இல் வந்த வடிவம் அது. ‘ஆட்டோமோட்டிவ் டிசைன்’ என்று இருந்தால் ஏபி214. ‘கான்ஃபிக் கன்ட்ரோல் டிசைன்’ என்று இருந்தால் பழைய ஏபி203. இந்த இரண்டில் எது வந்தாலும், பெரும்பாலும் அனுப்பியவர் ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஏபி242-இல், பிஎம்ஐ சேர்த்து, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சில சாஃப்ட்வேர்களில் இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். “எங்களிடம் அந்த ஆப்ஷனே இல்லையே” என்று பதில் வந்தால் காரணம் அதுதான்.

நோட்பேடை மூடுவதற்கு முன் ‘இன்ச்’ என்று ஆங்கிலத்தில் தேடிவிடுங்கள், அங்குலத்தில் போட்ட மாடலை மி.மீ. என்று படித்துவிடக் கூடாது. பெரிய பார்ட் 25.4 மடங்கு சிறுத்தால் எல்லோருக்கும் கண்ணில் படும். சின்ன புஷ் ஒன்று அப்படி வந்தால் படாது.

திரையில் எல்லாம் தெரிகிறது, சிஎம்எம் மட்டும் எதுவுமே இல்லை என்கிறது

இதுதான் அதிகம் வருவது. அதிகம் சண்டையும் வருவது. கஸ்டமர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்: “இதோ தெரிகிறதே!” தெரிகிறதுதான். ஆனால் அது கோடுகளால் வரைந்த எழுத்து. பொசிஷன் டாலரன்ஸ் (மையம் எவ்வளவு விலகலாம் என்பது) கட்டம், உள்ளே 0.2, பக்கத்தில் டேட்டம் ஏ, பி எல்லாம் கண்ணுக்குப் படிக்கக் கிடைக்கும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் கோடுகளும் முக்கோணங்களும்தான். படமாக இருக்கும் பிஎம்ஐ வேறு, பொருளோடு, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும் தரவாக இருக்கும் பிஎம்ஐ வேறு. ஏபி242 இரண்டையும் சுமக்கும். அனுப்புகிற சாஃப்ட்வேர் இரண்டையும் எழுதியதா என்பதுதான் கேள்வி.

அளவைக் கிளிக் செய்தால் சம்பந்தப்பட்ட முகம் ஒளிர்கிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் அது முழுச் சோதனை ஆகாது. படமாக மட்டும் இருக்கும் அளவையும் முகத்தோடு இணைக்க முடியும். முகம் ஒளிரும், மதிப்பு இருக்காது.

சரியான சோதனை இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் ‘ஸ்டெப் ஃபைல் அனலைசர் அண்ட் வியூவர்’ என்று விண்டோஸில் ஓடும் ஒரு கருவி வைத்திருக்கிறது. ஃபைலைக் கொடுத்தால், படமாக எத்தனை, பொருளோடு எத்தனை என்று பிரித்து எக்ஸெல்லில் கொட்டிவிடும். படப் பட்டியல் நிறைந்திருந்து பொருள் பட்டியல் காலியாக இருந்தால், அந்த ஷீட்டையே மெயிலில் வைத்து அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டிருப்பதைவிடச் சீக்கிரம் முடியும்.

பொருள் பட்டியலும் நிறைந்திருக்கிறது, ஆனாலும் சிஎம்எம் படிக்கவில்லையா? அப்போது குறை நம் பக்கம். சிஎம்எம் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு ஸ்டெப்பிலிருந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். டாலரன்ஸையும் இறக்குமதி செய்யும் வசதி உங்கள் லைசென்ஸில் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். கஸ்டமரைத் திட்டி மெயில் போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தவன் நான்.

ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, பார்ட் மட்டும் திரும்பி வருகிறது

ஒரு ஃபிளாஞ்ச். வட்டமாக ஆறு ஓட்டை. பிஎம்ஐயில் ‘6எக்ஸ்’ (ஆறு இடத்துக்கும் இதே என்று பொருள்), விட்டம், பொசிஷன் டாலரன்ஸ் எல்லாம் அழகாக இருந்தன. நிஸ்ட் கருவியும் பொருள் இருக்கிறது என்றது. சிஎம்எம் புரோகிராம் தானாகவே உருவானது. அன்றைக்கு எங்களுக்கு ஒரே பெருமை. பத்து நாள் கழித்து, போல்ட் ஏறவில்லை என்று பார்ட் திரும்பி வந்தது. ரிப்போர்ட்டை எடுத்து வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஓட்டைக்கான பொசிஷன் வரி ஒன்றே ஒன்றுதான். சிஎம்எம் ஒரு ஓட்டையை மட்டும் அளந்து பாஸ் போட்டிருக்கிறது. டிசைனர் ‘6எக்ஸ்’ என்பதைக் கையால் டைப் செய்து, டாலரன்ஸை ஒரே ஓட்டையின் முகத்தோடு இணைத்திருந்தார். டிராயிங்காக இருந்திருந்தால் கியூசியில் யாராக இருந்தாலும் ஆறையும் அளந்திருப்பார்கள். சாஃப்ட்வேருக்கு ‘6எக்ஸ்’ என்பது அலங்காரம்.

அன்றிலிருந்து, எண்ணிக்கை போட்ட ஒவ்வொரு குறிப்பையும் கிளிக் செய்து எத்தனை முகம் ஒளிர்கிறது என்று விரல்விட்டு எண்ணுகிறோம். ஆறு என்றால் ஆறு ஒளிர வேண்டும். சில சாஃப்ட்வேர்களில் ஒரு உருளை இரண்டு அரைப்பாதி முகங்களாக வரும். அப்போது பன்னிரண்டு ஒளிர்ந்தால் சரி.

இதன் இன்னொரு முகம்: நம் சிஎம்எம்மில் பாஸ், கஸ்டமர் சிஎம்எம்மில் ஃபெயில். இதற்கு டேட்டத்தைப் பாருங்கள். 40 மி.மீ. அகலம், ±0.1. அந்த அகலத்தின் நடுத்தளம்தான் டேட்டம் பி என்று டிசைனர் நினைத்திருக்கிறார். டிராயிங்கில் டேட்டம் முக்கோணம் அளவுக் கோட்டுக்கு நேராக நின்றால் நடுத்தளம், விலகி நின்றால் அந்தப் பக்க முகம் என்று கண்ணாலேயே பிரித்துவிடுவோம். மாடலில் சாஃப்ட்வேர் முக்கோணம் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை, எந்த முகத்தோடு இணைப்பு இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. ஒரு பக்க முகத்தோடு மட்டும் இணைத்திருந்தால் அந்த முகத்திலிருந்து அளக்கும். அகலம் 0.1 கூடினாலோ குறைந்தாலோ நடு 0.05 நகரும். ஓட்டைக்கு விட்டம் 0.1 பொசிஷன் டாலரன்ஸ் கொடுத்திருந்தால், மையம் எந்தப் பக்கமும் போகக்கூடிய தூரமே 0.05 தான். மொத்த டாலரன்ஸையும் டேட்டம் ஒன்றே தின்றுவிடுகிறது.

அகலம் டேட்டமாக இருந்தால் எதிரெதிர் முகங்கள் இரண்டும் ஒளிர வேண்டும். ஒன்று மட்டும் ஒளிர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நாமாகவே “நடுவாகத்தான் இருக்கும்” என்று எடுத்துக்கொண்டு செய்வது பழைய பழக்கம். இங்கே கஸ்டமரின் மெஷினும் ஃபைலில் எழுதியிருப்பதைத்தான் படிக்கும்.

ஒரு விட்டத்தைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது

டர்னிங்கில் (லேத் வேலையில்) இது தலைவலி. ஒரு ஷாஃப்ட்டில் 20 எச்6 ஒன்று, 30 கே6 ஒன்று. விட்டத்துக்குப் பின்னால் வருவது டாலரன்ஸ் குறியீடு. எச்6 என்றால் 20.000 முதல் 19.987 வரை. கே6 என்றால் 30.002 முதல் 30.015 வரை. மாடலில் டிசைனர் வரைந்திருப்பது சரியாக 20, சரியாக 30. கேம் சாஃப்ட்வேர் வடிவத்தைத்தான் படிக்கும் என்று சொன்னேன் இல்லையா, அது 20.000-க்கும் 30.000-க்கும் டூல்பாத் போட்டுவிடும். மெஷின் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் முதல் விட்டம் மேல் எல்லையில் ஊசலாடும், இரண்டாவது விட்டம் 2 மைக்ரான் சின்னதாகி நேராக ரிஜெக்ட்.

ஆபரேட்டர் என்ன செய்வார்? முதல் பார்ட்டை அளந்து, டூல் ஆஃப்செட்டில் (டூலின் நிலையை மெஷினில் திருத்தும் எண்) 6 மைக்ரான் குறைப்பார். 20 சரியாகும். 30 இன்னும் மோசமாகும். 8 மைக்ரான் கூட்டினால் 30 வரும், 20 போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் விட்டத்துக்கு ஆஃப்செட் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரண்டாவதற்கு குறைந்தது 2 மைக்ரான் மேலே இருக்க வேண்டும். எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டும் ஒன்றாகத் தேறாது. ஆபரேட்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

டிராயிங் காலத்தில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? புரோகிராமர் டிராயிங்கைப் பார்த்துக் கையால் 19.993, 30.008 என்று நடு அளவை அடித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அது அவர் தொழில். மாடலிலிருந்து நேராக டூல்பாத் எடுக்கத் தொடங்கியதும் அந்தப் படி காணாமல் போய்விட்டது.

சரிசெய்ய மூன்று வழி. முதலாவது, கேமில் அந்தந்த விட்டத்தை நடு அளவுக்கு மாற்றுவது. எங்கள் ஷாப்பில் இதற்கென்று ஒரு நகல் மாடல் வைத்துக்கொள்கிறோம், பெயரின் கடைசியில் ‘நடு’ என்று சேர்த்து. கஸ்டமர் அனுப்பிய மாடலைத் தொடவே கூடாது. சிஎம்எம் அதைத்தான் பார்க்க வேண்டும், இந்த நகலை அல்ல. இரண்டாவது, ஒரே டூலுக்கு இரண்டு ஆஃப்செட் எண் கொடுத்து, விட்டம் மாறும் இடத்தில் எண்ணையும் மாற்றுவது. பழைய கை வித்தை, இன்றும் செல்லும். மூன்றாவது, சில கேம் சாஃப்ட்வேர்கள் டாலரன்ஸைப் படித்துத் தாமே நடு அளவுக்கு நகர்த்தும். ஆனால் அதற்கும் பொருளோடு கூடிய பிஎம்ஐ வேண்டும். படமாக வந்திருந்தால் அது பேசாமல் 20.000-க்கே ஓட்டிவிடும், எச்சரிக்கைகூடக் காட்டாமல். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு விட்டத்தையும் தனித்தனியாகத் திருத்திக்கொள்ளலாம்.

47.3187 என்ற அளவை எவ்வளவுக்குப் பிடிக்க வேண்டும்?

கியூசியில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்ட கேள்வி இது. டாலரன்ஸ் எதுவும் போடாத ஒரு தோள்பட்டை (பார்ட்டில் இருக்கும் படி). மாடலில் அளந்தால் 47.3187 என்று நான்கு தசமம் காட்டுகிறது. மைக்ரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

டிராயிங்கின் மூலையில் இருந்த டைட்டில் பிளாக் எவ்வளவு வேலை செய்தது என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. பொது டாலரன்ஸ், மெட்டீரியல், ஹீட் ட்ரீட்மென்ட், கூர்முனைகளை எவ்வளவு உடைக்க வேண்டும், பிளேட்டிங் தடிமன் அளவுக்குள் சேர்த்தியா வெளியே தனியா, இத்தனையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருந்தன. மாடலில் இவை ‘நோட்ஸ்’ என்ற தனி வியூவில் இருக்க வேண்டும். பல ஃபைல்களில் அந்த வியூவே இருக்காது. சிலவற்றில் மாடலின் ப்ராபர்ட்டியில் எழுதியிருப்பார்கள், ஏற்றுமதி செய்யும்போது அது உதிர்ந்திருக்கும்.

அமெரிக்க ஆர்டர்களில் இன்னொரு கண்ணி. அவர்கள் டைட்டில் பிளாக்கில் ‘இரண்டு தசமம் என்றால் இவ்வளவு, மூன்று தசமம் என்றால் இவ்வளவு’ என்று டாலரன்ஸ் கொடுப்பது வழக்கம். மாடலில் அளக்கும் எண்ணுக்கு எத்தனை தசமம் என்பது உங்கள் வியூவரின் செட்டிங்கைப் பொறுத்தது. அந்த முறை மாடலோடு ஒத்துவராது. அப்படி ஒரு குறிப்பு நோட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், ஒழுங்கான மாற்று கேளுங்கள்: டாலரன்ஸ் போடாத எல்லா முகங்களுக்கும், டேட்டங்களைக் குறிப்பிட்டு, இவ்வளவு ப்ரொஃபைல் (முகம் மாடலின் வடிவத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது) என்று ஒரே வரி. மாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பொது டாலரன்ஸ் கிடையாது.

ஐரோப்பியக் கஸ்டமர் ஐஎஸ்ஓ 2768 என்று எழுதியிருந்தால், நீள அளவுகளுக்கான அதன் முதல் பாகத்தில் மீடியம் வகுப்புக்கு 30 முதல் 120 வரை ±0.3. அந்த 47.3187-க்கு வெர்னியரே போதும். ஆனால் வடிவத்துக்கும் நிலைக்குமான இரண்டாவது பாகத்தை 2021-இல் விலக்கிவிட்டு ஐஎஸ்ஓ 22081 கொண்டுவந்தார்கள். இன்னமும் ‘எம்கே’ (எம் முதல் பாகத்தின் வகுப்பு, கே விலக்கிய இரண்டாவது பாகத்தின் வகுப்பு) என்று எழுதி வரும் ஃபைல்கள் ஏராளம். சண்டை போட வேண்டாம், எதை எடுத்துக்கொள்வது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேட்டருக்கு எதுவும் கிடைப்பதில்லை

“தம்பி, இந்த ஓட்டை ஆழம் எங்க இருக்கு? சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன், எனக்குத்தான் தலை சுத்துது.” எங்கள் விஎம்சி (மில்லிங் மெஷின்) அண்ணன் டேப்லெட்டை நீட்டியபடி சொன்னது. கையில் கூலன்ட் பசை, திரையில் நாற்பது அளவுகள் ஒன்றின் மேல் ஒன்று.

உடனே யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரின்ட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தடுங்கள். அந்தத் தாளில் ரிவிஷன் இருக்காது, மாடல் மாறினாலும் தாள் மெஷினில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில், செட்டிங்வாரியாக, அதாவது பார்ட்டை மெஷினில் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும், வியூ செய்து கொடுங்கள்: முதல் செட்டிங்கில் எந்தப் பக்கம் மேலே இருக்குமோ அந்தக் கோணம், அதில் வெட்டும் முகங்களின் அளவு மட்டும். ஒரு பார்ட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். பிரின்ட் எடுத்தே ஆக வேண்டுமென்றால் இந்த வியூவிலிருந்து, ரிவிஷனும் தேதியும் போட்டு எடுங்கள்.

முப்பரிமாண பிடிஎஃப் அனுப்பி, அது காலியாக இருக்கிறது என்று புகார் வந்தால், பிரவுசரிலோ மொபைலிலோ திறந்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் அக்ரோபேட் ரீடரில் திறந்து, மேலே வரும் மஞ்சள் பட்டையில் இந்த ஃபைலை நம்பலாம் என்று அனுமதி கொடுத்தால் சுழலும்.

புது ரிவிஷன் வந்ததும் பலூன் நம்பர் எல்லாம் மாறிவிட்டது

விமானத் துறை வேலை என்றால் ஏஎஸ்9102 தரநிலைப்படி ஃபர்ஸ்ட் ஆர்ட்டிக்கிள் ரிப்போர்ட் (முதல் பார்ட்டின் முழுச் சோதனை அறிக்கை) கொடுக்க வேண்டும். அதன் மூன்றாவது ஃபார்மில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எண், அதுதான் பலூன் நம்பர். டிராயிங்கில் பேனாவால் வட்டம் போட்டோம். மாடலில் சாஃப்ட்வேர் தானாகப் போடுகிறது, அடுத்த ரிவிஷனை ஏற்றினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நேற்றைய 17 இன்றைக்கு 23.

கியூஐஎஃப் என்ற தரவு வடிவம், ஐஎஸ்ஓ 23952 ஆக 2020-இல் வந்தது, இதற்கு வழி வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு அளவுக்கும் மாறாத அடையாள எண் உண்டு. இரண்டு பக்கமும் அதைப் பயன்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாதவர்களுக்கு எக்ஸெல் இருக்கிறது: பலூன் எண், வியூவின் பெயர், அளவு, டாலரன்ஸ். புது ரிவிஷனில் நீங்கிய அளவின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள், புதியவற்றுக்குக் கடைசி எண்ணுக்கு அடுத்ததிலிருந்து கொடுங்கள்.

மாடல் ஒன்று சொல்கிறது, கூடவே வந்த டிராயிங் வேறொன்று சொல்கிறது

மாறும் காலத்தில் பல கஸ்டமர்கள் இரண்டையும் அனுப்புகிறார்கள். பாதுகாப்புக்கு என்று நினைத்துத்தான். ஆனால் டிராயிங்கைத் திருத்தியவர் மாடலை மறந்திருப்பார், அல்லது மாடலைத் திருத்தியவர் பிடிஎஃப்பைப் புதுப்பித்திருக்க மாட்டார். ஃபைல் பெயரில் இருக்கும் ரிவிஷன் எழுத்தை நம்ப வேண்டாம். ஸ்டெப் ஹெடரில் ‘ஃபைல் நேம்’ வரியில் எந்தத் தேதியில், எந்த சாஃப்ட்வேரிலிருந்து எழுதப்பட்டது என்று இருக்கும். அதை டிராயிங்கின் ரிவிஷன் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏதோ ஒரு குறிப்பு கிடைக்கும். குறிப்பு மட்டும்தான். பழைய மாடலை நேற்று மறுபடி ஏற்றுமதி செய்திருந்தாலும் நேற்றைய தேதிதான் இருக்கும்.

எது மாஸ்டர் என்பது பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால், முரண்படும் அளவுகளைப் பட்டியலிட்டு, “இந்த மூன்று இடத்தில் எதைப் பின்பற்றுவது?” என்று கேளுங்கள். ‘மாடலும் டிராயிங்கும் பொருந்தவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் “இரண்டும் சரிதான்” என்று மொட்டையாகவே பதில் வரும். பதில் கிடைக்கும்வரை மெட்டீரியலை வெட்டி, ரஃப் மெஷினிங்வரை போகலாம், அந்த மூன்று இடத்திலும் மெட்டீரியலை விட்டுவைத்து. வந்த பதில் மெயிலை பிடிஎஃப் ஆக்கி, கஸ்டமர் அனுப்பிய ஃபைலோடு அதே ஜாப் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். ரிப்பீட் ஆர்டர் வரும்போது அந்த மெயிலை எழுதியவர் அங்கே வேலையில் இருக்க மாட்டார்.